ஆறாவது தோட்டாவும் ‘காலி’ என்ற சொல்லும்

நம் துப்பாக்கி சுடும் கிளப்பின் பாதுகாப்புக் கையேட்டில் ஒரு வரி இருக்கிறது. துப்பாக்கி காலியா என்று யாரிடமும் வாயால் கேட்கக் கூடாது, துளைகளை எண்ணிப் பார்க்க வேண்டும் என்று. பாதுகாப்பு அலுவலராகிப் புதிதாகச் சிவப்புச் சட்டை போட்டிருக்கும் நீங்கள் மூன்று பேரும் அதைப் படித்திருப்பீர்கள். இதையெல்லாம் கூடவா எழுதி வைப்பார்கள் என்று சிரித்தும் இருப்பீர்கள். அந்த வரி அங்கே வந்தது என்னால். எழுதியது ஆங்கிலத்தில், ஆனால் நடந்தது தமிழில். அதனால்தான் உங்களுக்கு இதைத் தமிழில் எழுதுகிறேன்.

நான் சேர்ந்தபோது இந்த ரேஞ்சில் தமிழ் பேசுகிறவள் நான் ஒருத்திதான். ஐம்பத்தொரு வயதில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை போனது. வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்க்கப் பிடிக்காமல், பிரிட்ஜ்வாட்டரிலிருந்து மேற்கே நாற்பது நிமிஷம் ஓட்டி வந்து, இங்கே கவுன்ட்டரில் ரசீது போடும் வேலைக்குச் சேர்ந்தேன். தீபாவளிக்கு லட்சுமி வெடி வைத்தால் காதைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடுகிற ஆள் நான். என் வீட்டுக்காரர் இன்னமும் அதைச் சொல்லிச் சிரிப்பார். ஒரு வருஷம் கழித்துப் பரீட்சை எழுதி, ரேஞ்ச் பாதுகாப்பு அலுவலர் ஆனேன். சென்ற மாதம் சட்டையைத் திருப்பிக் கொடுத்தேன்.

துப்பாக்கியை எப்படிப் பிடிப்பது, எந்த எண்ணெய் போடுவது என்றெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அதற்கு என்னைவிடக் கெட்டிக்காரர்கள் இங்கே இருக்கிறார்கள். நான் செய்த ஒரு தப்பைத்தான் சொல்லப் போகிறேன்.

அதற்கு முன்னால் எங்கள் சீஃபை, அதாவது தலைமைப் பாதுகாப்பு அலுவலரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. என்னைவிட ஆறேழு வயது சின்னவர். இருபது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டிவிட்டு இங்கே வந்தவர். பேச்சு குறைவு. புகழ்ந்தால் கையை ஆட்டி விரட்டுவார், ஈ ஓட்டுகிற மாதிரி.

நான் சட்டை போட்ட மூன்றாவது வாரம், இலக்குகளுக்கு நடுவே ஏதோ வெள்ளையாக அசைந்தது. ஆள்தான் என்று நினைத்து, அடிவயிற்றிலிருந்து “சீஸ்ஃபயர்!” என்று கத்திவிட்டேன். எல்லோரும் சுடுவதை நிறுத்தினார்கள். பார்த்தால் காற்றில் வந்த பிளாஸ்டிக் பை. அத்தனை ஆண்களும் சிரித்தார்கள். ஒருவர் என் குரலை நடித்துக் காட்டினார். எனக்கு மானம் போனது. சீஃப் பக்கத்தில் வந்து நின்று, “அடுத்த முறையும் இதே மாதிரி கத்து” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அன்று வீட்டுக்கு ஓட்டிப் போகும்போது அழுதேன், சந்தோஷத்தில்தான்.

பஸ் ஓட்டிய நாட்களைப் பற்றி அவர் ஒரே ஒரு விஷயம்தான் சொல்லியிருக்கிறார். கடைசி நிறுத்தத்தில், எல்லோரும் இறங்கியாச்சா என்று அவர் கேட்டதே கிடையாதாம். எழுந்து கடைசி இருக்கை வரைக்கும் நடந்து, ஒவ்வொரு இருக்கையாகக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் இறங்குவாராம். “ஏன், கேட்டால் சொல்ல மாட்டார்களா?” என்றேன். “தூங்குகிற குழந்தை பதில் சொல்லாது” என்றார். எனக்கு அது பஸ் கதையாகத்தான் கேட்டது. மண்டையில் ஏறவில்லை.

இனி அந்தச் சனிக்கிழமை.

தனபால் என்று ஒருவர் பிளெய்ன்ஸ்பரோவிலிருந்து வருவார். மருந்துக் கம்பெனியில் வேலை. நாற்பத்தைந்து வயது இருக்கும். நாமக்கல்காரர். நான் கரூர். நடுவில் காவேரி ஒன்றுதான். அவர் வந்த முதல் நாள் ஃபோனில் யாரிடமோ, “ஆமாங்க, வந்துட்டனுங்க” என்று அவர் பேசியது காதில் விழுந்ததுமே எனக்கு முகம் மலர்ந்துவிட்டது. அதிலிருந்து அவருக்கு நான் அக்கா. சரித்திரத்தில் பைத்தியம் அவருக்கு. போலீஸ் ஸ்டேஷனுக்கு நடையாய் நடந்து, கைரேகை கொடுத்து, பர்மிட் வாங்கி, பழைய ராணுவ ரிவால்வர் ஒன்றை வாங்கியிருந்தார். அன்று மகள் ஓவியாவையும் கூட்டி வந்திருந்தார். பத்தொன்பது வயது, காலேஜ் லீவு. தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்லும் பெண். சுட வரவில்லை, அப்பாவுக்கு இலக்குக் காகிதம் மாற்றிக் கொடுக்க வந்தாள்.

அந்த ரிவால்வரில் ஒரு விசேஷம். சாதாரண ரிவால்வர் தோட்டாவின் அடியில் ஒரு விளிம்பு இருக்கும், டிபன் டப்பா மூடியின் விளிம்பு மாதிரி. அதைப் பிடித்துக்கொண்டுதான் தோட்டா துளைக்குள் உட்காரும். சுட்டு முடித்துச் சிலிண்டரைத் திறந்து கம்பியை அழுத்தினால், அந்த விளிம்பைப் பிடித்து ஆறு வெற்றுக் கூடுகளையும் ஒரே தள்ளில் வெளியே தள்ளிவிடும். தனபாலின் ரிவால்வரோ பிஸ்டல் தோட்டா போடுகிற ஜாதி. பிஸ்டல் தோட்டாவுக்கு விளிம்பு கிடையாது. அதற்காகத்தான் மூன் கிளிப் என்று ஒரு மெல்லிய எஃகு வளையம். ஆறு தோட்டாவையும் அதில் செருகி, வளையத்தோடு உள்ளே வைக்க வேண்டும். அரைவட்டமாகவும் வரும், முழுவட்டமாகவும் வரும். அதனால்தான் நிலாப் பெயர்.

அன்று வளைய டப்பாவை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருந்தார்.

“கிளிப் இல்லாமயே சுடலாமுங்க்கா. யூட்யூப்ல பாத்தேன். வெடிக்கும், கூடுதான் தானா வெளிய வராது. பென்சில் கொண்டாந்திருக்கேன், முன்னாடியிருந்து குத்துனா வந்துரும்” என்றார்.

அவர் சொன்னது உண்மைதான். கிளிப் இல்லாமலும் சுடும். சுடவே சுடாது என்றிருந்தால் பிரச்சினையே இல்லை. ஆனால் பிடித்து நிறுத்த வளையம் இல்லாததால், ஏதாவது ஒரு தோட்டா மயிரிழை ஆழமாக இறங்கி உட்காரும். தோட்டாவை இடித்து வெடிக்க வைக்கும் ஊசி அதன் அடியில் முழு வேகத்தில் இடிக்காது, தடவிவிட்டுப் போகும். சின்னதாகப் பள்ளம் விழும், வெடிக்காது. வெடிக்காத தோட்டாவிலும் பள்ளம் இருக்கும் என்பதை இந்த இடத்தில் நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் அனுமதித்தேன். விதியில் தடை இல்லை. ஊர்க்காரர் வேறு, ஆசையாக வந்திருக்கிறார்.

வரிசையில் ஒன்பது பேர். எல்லோரும் ஒரே நேரத்தில் சுடும்போது, யார் துப்பாக்கி எத்தனை தடவை வெடித்தது என்று காதால் எண்ண முடியாது. ஒன்பது பேரில் ஒருவருக்கு ‘டிக்’ என்று மட்டும் கேட்டது எனக்குத் தெரியவில்லை. தனபாலும் அந்த ‘டிக்’கைத் தோட்டா தீர்ந்துபோன சத்தம் என்று எடுத்துக்கொண்டார். ஆறு சுட்டாச்சு என்றுதான் அவர் கணக்கு.

சுடுவதை நிறுத்தச் சொன்னேன். நிறுத்தியதும் என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். எல்லோரும் துப்பாக்கியைத் திறந்து, காலி செய்து, பெஞ்சில் வைத்துவிட்டு மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் வர வேண்டும். நான் ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொன்ன பிறகுதான் ஆட்கள் இலக்குப் பக்கம் நடக்கலாம். எட்டு பேர் முடித்துவிட்டு வந்துவிட்டார்கள். தனபால் மட்டும் பென்சிலால் குத்திக்கொண்டிருந்தார். நாலு கூடு வந்துவிட்டது. இரண்டு வரவில்லை.

மார்ச் மாதக் குளிர். பின்னால் எட்டு பேர் கையைத் தேய்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஒருவர் வேண்டுமென்றே இருமினார். நம்மாள் ஒருவரால் எல்லோரும் காத்திருக்கிறார்களே என்று எனக்குக் கூச்சம். அந்தக் கூச்சத்தைத்தான் நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. வேறு யாராவது இருந்திருந்தால் அரைமணி நேரமானாலும் நிற்க வைத்திருப்பேன்.

கிட்டே போய் எட்டிப் பார்த்தேன். உள்ளே இருந்த இரண்டிலும் ஊசிப் பள்ளம் இருந்தது. சுட்ட கூடுகள்தான் என்று தோன்றியது. இங்கிலீஷில் கேட்டிருந்தால் ‘க்ளியரா, காட்டுங்கள்’ என்று கேட்டிருப்பேன். அப்படித்தான் எனக்குப் பயிற்சி. அவரிடம் தமிழில் கேட்டேன்.

“காலியாங்க?”

அவர் நிமிரவே இல்லை. “காலிங்க்கா. எல்லாம் காலி.”

“சரி, திறந்தபடியே வெச்சுட்டுப் பின்னாடி வாங்க.”

அவர் வைத்துவிட்டு வந்தார். நான் எல்லோருக்கும் நடக்கலாம் என்று அறிவித்தேன். ஓவியா காகிதச் சுருளும் ஸ்டேப்ளருமாக இலக்குப் பக்கம் போனாள்.

ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். தனபால் மஞ்சள் கோட்டைத் தாண்டி, இரண்டு எட்டு வைத்து, பெஞ்சுக்குப் போனார். நான் பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை. காலிதானே, வெறும் கூட்டைத்தானே குத்தப் போகிறார், குத்தட்டும், அடுத்த சுற்றுக்கு நேரம் மிச்சம் என்று நினைத்தேன். பிளாஸ்டிக் பைக்கு அப்படிக் கத்தியவள் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

பென்சில் குத்தியும் வரவில்லை. சிலிண்டரை மூடி ஒரு சுற்றுச் சுற்றினால் லூஸ் ஆகும் என்று நினைத்தாராம். மூடினார். விசையை இழுத்தால் சிலிண்டர் சுற்றும் அல்லவா? இழுத்தார்.

வெடித்தது.

அவர் துப்பாக்கி வாயை எங்கே பிடித்திருந்தார் தெரியுமா? நேராக இலக்குப் பக்கம். அப்படித்தான் பிடிக்க வேண்டும் என்று நானே அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். அந்தப் பக்கம்தான் அவர் மகள் நின்றுகொண்டிருந்தாள்.

இலக்குச் சட்டத்தின் மரக்கால் பிளந்து சிராய் பறந்தது. ஓவியா அந்தக் காலிலிருந்து ஒரு கை தூரத்தில் குனிந்து, கீழே விழுந்த காகிதத்தை எடுத்துக்கொண்டிருந்தாள். அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தனபால் ரிவால்வரை பெஞ்சில் போட்டார். “கண்ணு! கண்ணு!” என்று கத்தினார், ஆனால் கால் நகரவில்லை. நான்தான் ஓடினேன். அவள் தோள், முகம், வயிறு என்று தடவித் தடவிப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை. “ஐ’ம் ஓகே, ஆன்ட்டி. ஐ’ம் ஓகே” என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

சீஃப் வந்து ரேஞ்சை மூடினார். ஒரு வார்த்தை திட்டவில்லை. என்னை ஆபீஸ் அறையில் உட்கார வைத்து, சம்பவ அறிக்கைப் படிவத்தைக் கொடுத்துவிட்டு, துப்பாக்கியைப் பார்க்கப் போனார்.

அவர் போனதும் தனபால் உள்ளே வந்தார். கண் சிவந்திருந்தது. கதவைச் சாத்தினார்.

“அக்கா, தப்பு என்னுதுதான். இல்லைங்கல. ஆனா அடுத்த மாசம் எனக்கு சிட்டிசன்ஷிப் இன்டர்வியூ. இது ரெக்கார்ட்ல ஏறுச்சுன்னா என்னாகும்னு தெரியலீங்க்கா. பதினாறு வருசமா காத்துக்கிட்டு இருக்கேன். கன் பழசு, மெஷின் கோளாறுன்னு எழுதிருங்க. பொய்யின்னு சொல்ல முடியாதுல்ல? பழசுதானுங்க?”

நான் பேனாவை எடுத்தேன்.

“உங்களுக்கும் நல்லதுதானுங்க்கா. நீங்கதான காலின்னு விட்டீங்க? யாருக்கும் ஒண்ணும் ஆகலையே. நமக்குள்ளயே முடிச்சுக்கலாமுங்க.”

உள்ளதைச் சொல்கிறேன். பேனா கையில் இருந்தது. ‘இயந்திரக் கோளாறு’ என்று எழுதினால் அவருக்கும் விடுதலை, எனக்கும் விடுதலை. என் சட்டை தப்பும். ஐம்பத்தெட்டு வயதில் இன்னொரு முறை வேலை போய் வீட்டில் உட்கார வேண்டாம். முதல் எழுத்தை எழுதியும்விட்டேன்.

அப்போது சீஃப் உள்ளே வந்தார். தனபாலை வெளியே அனுப்பவில்லை. உள்ளங்கையில் ஆறு கூடுகள். கடைசி இரண்டையும் அவரே தட்டி எடுத்திருந்தார். மேஜைமேல் வரிசையாக, அடிப்பக்கம் தெரியும்படி நிற்க வைத்தார். ஐந்து கூடுகளில் ஒவ்வொரு பள்ளம். ஆறாவதில் இரண்டு. ஒன்று ஆழமாக, அதன் ஓரத்தில் இன்னொன்று லேசாக.

“முதல் தடவை வெடிக்கவில்லை. இரண்டாவது தடவை வெடித்திருக்கிறது” என்றார். “துப்பாக்கி காலி என்று உனக்கு எப்படித் தெரிந்தது?”

“கேட்டேன்.”

“என்ன வார்த்தையில் கேட்டாய்?”

“தமிழில். காலியா என்று.”

“அப்படியென்றால்?”

“உள்ளே ஒன்றும் இல்லையா என்று அர்த்தம்.”

“அவர் என்ன சொன்னார்?”

“காலி.”

“அதற்கும் அதே அர்த்தம்தானே?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பால் காலி என்றால் பால் தீர்ந்துவிட்டது. பாத்திரம் காலி என்றால் உள்ளே ஒன்றும் இல்லை. சொல் ஒன்றுதான். நான் பாத்திரத்தைக் கேட்டேன், அவர் பாலைச் சொன்னார். நான் கேட்டது துப்பாக்கிக்குள் ஏதாவது இருக்கிறதா என்று. அவர் சொன்னது, தோட்டாவெல்லாம் சுட்டுத் தீர்ந்துவிட்டது என்று. அவர் பொய் சொல்லவில்லை. நானும் தப்பாகக் கேட்கவில்லை. நடுவில் அந்தப் பெண் நின்றாள்.

தனபாலைப் பார்த்தேன். அவருக்கும் புரிந்துவிட்டது. தலையைக் கவிழ்த்துக்கொண்டார். என் வீட்டில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை புழங்குகிற சொல் இது.

எழுதிய எழுத்தை அடித்தேன். அடித்ததற்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். பிறகு நடந்ததை நடந்தபடி எழுதினேன். கிளிப் இல்லாமல் சுட அனுமதித்தது, ஆறு கூடும் வெளியே வருவதற்குள் ரேஞ்சைத் திறந்தது, அவர் கோடு தாண்டியதைப் பார்த்தும் தடுக்காதது, எல்லாவற்றையும் என் பெயரில். அவர் விசையை இழுத்ததை அவர் பெயரில். தனபால் படித்துப் பார்த்தார். கடைசியில் கையெழுத்துப் போட்டார். “சரிங்க” என்றார். அக்கா என்று சொல்லவில்லை.

கமிட்டி அவருடைய உறுப்பினர் அட்டையை ரத்து செய்தது. என்னை ஆறு மாதம் வரிசையிலிருந்து இறக்கி, மறுபடி கவுன்ட்டரில் உட்கார வைத்தது. சீஃப் அந்த வரியைக் கையேட்டில் சேர்த்தார். என் பெயரைப் போடவில்லை. “தூங்குகிற குழந்தை” என்றேன் அவரிடம். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

உங்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். இப்போது எடிசனிலிருந்தும் பிளெய்ன்ஸ்பரோவிலிருந்தும் நம்மவர்கள் நிறையப் பேர் வருகிறார்கள். அவர்களோடு தமிழில் பேசுங்கள், வீட்டைப் பற்றி, ஊரைப் பற்றி, என்ன வேண்டுமானாலும். கோட்டுக்கு அந்தப் பக்கம் மட்டும் பதிலை நம்பாதீர்கள், எந்த மொழியானாலும். ஆறு துளையிலும் வெளிச்சம் தெரிகிற வரைக்கும் நில்லுங்கள். பின்னால் எவன் இருமினாலும் இருமட்டும்.

இதை இங்கேயே முடித்திருப்பேன். ஆனால் ஓவியா ஒரு நாள் தனியாக வந்தாள்.

நான் கவுன்ட்டரில் இருந்த மாதங்கள் அவை. அப்பாவின் அட்டையைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தாள். ரிவால்வரை விற்றுவிட்டாராம். இன்டர்வியூவில் இதைப் பற்றி யாரும் கேட்கவே இல்லையாம், சிட்டிசன் ஆகிவிட்டார். நான் அட்டையை வாங்கிக்கொண்டு, “என்னை மன்னிச்சுக்கோ, கண்ணு” என்றேன். அவள் என்னிடம் அதுவரை பேசாத தமிழில், வார்த்தை வார்த்தையாகத் தேடிப் பேசினாள்.

“ஆன்ட்டி, எனக்கு இந்த இடம் பயம். எல்லாரும் கன் வெச்சிருந்தாங்க. அன்னிக்கு நான் டார்கெட் பக்கம் நடக்கவே மாட்டேன்னு இருந்தேன். அப்புறம் நீங்களும் அப்பாவும் தமிழ்ல பேசினீங்க. வீட்ல பேசற மாதிரி. ஐ ஃபெல்ட் சேஃப். அதனாலதான் நடந்தேன்.”